சம்பந்தியம்மாவின் மக்கரோனி

மக்கரோனி என்றால் எங்கள் வீடுகளில் அது அவசரச் சாப்பாடு. விருந்தாளி சொல்லாமல் வந்தால், அல்லது இடியப்பம் பிழிய நேரமில்லாத இரவுகளில், அவித்து வடித்து, வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, ஒரு முட்டையும் உடைத்துப் போட்டுப் பிரட்டி இறக்கிவிடுவோம். பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். அதற்கு மேல் அதைப்பற்றி யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் அறுபத்துநாலு வயதுவரை நினைத்திருந்தேன்.

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் அது அப்படியல்ல. அங்கே, சிறப்பாகக் கறுப்பின மக்களின் வீடுகளில், சீஸும் முட்டையும் பாலும் சேர்த்துப் போறணையில் வேகவைக்கும் மக்கரோனி ஒரு பெரிய சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போய் வந்து சாப்பிடுவது அது. கார்த்திகை மாதத்து நன்றி நவிலல் நாளுக்கும் அது வேண்டும். செத்தவீட்டுக்குக் கொண்டுபோவதும் அதுதான். குடும்பத்தில் எல்லோருக்கும் அதைச் செய்ய இடம் கிடைக்காது. கைப்பக்குவம் தெரிந்த ஒருவர்தான் செய்வார். "மக்கரோனி ஆர் செய்தது?" என்று கேட்டறிந்த பிறகே சிலர் தங்கள் பீங்கானில் போட்டுக்கொள்வார்கள்.

அந்தச் சமையலை நான் என் மகளின் மாமியாரிடம் கற்றுக்கொண்டேன். அவர் ஜோர்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா நகருக்குச் சற்று வெளியே வாழ்ந்த ஒரு கறுப்பினப் பெண்மணி. முறைப்படி எனக்குச் சம்பந்தி. அந்தச் சொல்லை வாயால் சொல்ல எனக்குப் பல வருடங்கள் சென்றன. அதை மறைக்காமல் எழுதினால்தான் இந்தச் சமையல் குறிப்புக்கும் ஒரு பெறுமதி இருக்கும் என்று நினைக்கிறேன்.

மகள் 2010இல் மேற்படிப்புக்காக அங்கே போனாள். 2014இல் வரலாறு படிப்பிக்கும் ஓர் ஆசிரியரைக் கைப்பிடித்தாள். கல்யாணத்துக்குப் போகத்தான் வேண்டும் என்று என் கணவர் நின்றார். "ஊருக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்று நான்தான் மறித்தேன். அன்று தொலைபேசியில் மருமகனின் நிறத்தைப் பற்றி நான் சொன்ன சொல்லை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதன்பின் இரண்டு வருடம் மகளோடு கதைக்கவில்லை. ஒவ்வொரு நத்தாருக்கும் அங்கிருந்து மருமகனின் தாய் ஒரு வாழ்த்து மட்டை அனுப்புவார். ஒன்றுக்கும் நான் பதில் போடவில்லை. 2017இல் என் கணவர் காலமானார். மருமகனை நேரில் ஒருநாள்கூடக் காணாமலே போய்விட்டார்.

2019 புரட்டாதியில் பேத்தி பிறந்தாள். பிள்ளைப்பேறு பார்க்க ஐப்பசி மாதம் நான் போனேன். சரக்குத்தூள், பெருங்காயம், நல்லெண்ணெய் எல்லாம் பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு போனேன். என் பிள்ளையின் உடம்பைத் தேற்ற எனக்குத்தான் தெரியும் என்ற எண்ணம்.

நான் போய் இறங்கிய இரண்டாம் நாள் அவர் வந்தார். எழுபத்தொரு வயது. நல்ல உயரம். இரண்டு கைகளாலும் பிடித்த ஒரு பெரிய தட்டு, மேலே அலுமினியத் தாள் மூடியிருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அவரைப் "பிக் மாமா" என்றுதான் கூப்பிடுவார்கள். "மாமா" என்றால் அங்கே அம்மா. எனக்கோ ஒரு பெரிய மாமாவைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தோன்றியது. அவர் என்னைக் கட்டிப்பிடித்து, "வந்துவிட்டாயா பேபி" என்றார். அறுபத்துநாலு வயதில் என்னைப் பேபி என்றது அவர் ஒருவர்தான்.

தட்டைத் திறந்து பார்த்தேன். மேலெல்லாம் பொன்னிறமாய்ப் பொரிந்து, ஓரங்கள் கருகினாற்போல் இருந்தன. பிள்ளை பெற்ற உடம்புக்கு இவ்வளவு சீஸா என்று அதை மேசையின் ஒரு மூலைக்குத் தள்ளிவைத்துவிட்டு மகளுக்குச் சரக்கரைத்த கறியும் சோறும் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

அன்று நடுச்சாமம் பிள்ளை அழுத சத்தம் கேட்டு எழும்பிப் போனேன். குசினியில் விளக்கு எரிந்தது. மகள் ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு, மறு கையால் அந்தத் தட்டில் இருந்தபடியே மக்கரோனியைக் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் திருடியவள்போல் கரண்டியைக் கீழே வைத்தாள். என் பிள்ளை தன் வீட்டிலேயே எனக்குப் பயந்து ஒளித்துச் சாப்பிடுகிறாளே என்று அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

அதன் பிறகு எனக்கு ஒரு பொறாமை பிடித்தது. என் பிள்ளைக்கு அதுதான் விருப்பமென்றால் நானே செய்துகொடுக்கிறேன் என்று புறப்பட்டேன். கடையில் பையில் வரும் துருவிய சீஸை வாங்கினேன். மக்கரோனியை எங்கள் வழக்கப்படி நன்றாக, குழையக் குழைய அவித்தேன். அடுப்பால் இறக்கிய கையோடு அதன்மேல் முட்டையை ஊற்றினேன். கொஞ்சம் மிளகாய்த்தூளும் போட்டுப் போறணையில் வைத்துச் சூட்டையும் கூட்டிவிட்டேன். வெளியே எடுத்தபோது மக்கரோனி களியாகிவிட்டது. முட்டை அங்கங்கே வறைபோல் திரண்டு நின்றது. சீஸ் உருகியும் உருகாமலும் மணலாய்க் கிடந்தது. அடியில் தண்ணீர்.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா வந்தார். மறைக்க வழியில்லை. அவர் ஒரு பீங்கானில் போட்டு, இருந்து, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். பிறகு பீங்கானைத் தானே கழுவி வைத்துவிட்டு, "நன்றி நவிலல் நாளுக்கு முதல்நாள் என் குசினிக்கு வா. இருபத்தைந்து பேருக்குச் செய்யவேண்டும். எனக்குக் கை உதவி வேண்டும்" என்றார். நான் அவர் கொண்டுவந்ததைத் தள்ளிவைத்தேன். அவர் நான் பழுதாக்கியதைச் சாப்பிட்டார். இரண்டையும் நினைக்க முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நன்றி நவிலல் நாள் ஒவ்வொரு வருடமும் கார்த்திகையில், நவம்பர் மாதத்தின் நாலாவது வியாழக்கிழமை வரும். அந்த வருடம் 28ஆம் திகதி. அதற்கு முதல்நாள் காலை நான் ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு போனேன். நான் ஆசிரியையாக இருந்தவள். எழுதாமல் எனக்கு ஒன்றும் மனதில் நிற்காது. அவரோ எதையும் அளப்பதில்லை. எல்லாம் கண்மதிப்பு. ஆகவே அவர் ஒவ்வொன்றையும் போடப்போகும் நேரம் நான் இடையில் ஒரு கப்பை நீட்டுவேன். அவர் சிரித்துக்கொண்டு அதில் போடுவார். நான் குறித்துக்கொண்டு சட்டியில் கொட்டுவேன்.

முதற்பாடம் மக்கரோனியை முழுதாக அவிக்கக்கூடாது என்பது. பக்கற்றில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்துவிட வேண்டும். பல்லில் சற்றுத் தட்டுப்படவேண்டும். மிச்சத்தைப் போறணையில் பாலையும் முட்டையையும் குடித்து அது தானே வேகும். வடித்ததும் பட்டரைப் பிரட்டி ஆறவிட வேண்டும். சுடச்சுட முட்டை ஊற்றினால் திரண்டுவிடும். என் பிழை அதுதான்.

இரண்டாவது, சீஸைக் கட்டியாக வாங்கி வீட்டில் துருவவேண்டும். பையில் வரும் துருவல் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மாப்பொருள் தூவியிருப்பார்கள். அதனால் அது வழுவழுப்பாக உருகாது. முற்றிய, உறைப்பான செடார் சீஸ்தான் ருசிக்கு. இலகுவில் உருகும் இளஞ்சீஸ் கொஞ்சம் கலந்தால் இழுபடும்.

மூன்றாவது முட்டை. வேறு இடங்களில் கோதுமை மாவையும் பட்டரையும் வறுத்துப் பால் விட்டு ஒரு குழம்பு காய்ச்சி அதில் மக்கரோனியைப் போடுவார்கள். தெற்கத்தி வீடுகள் பலவற்றில் அது இல்லை. முட்டையையும், சீனி சேராத கட்டிப்பாலையும் அடித்து ஊற்றுவதுதான். வெந்து ஆறியபின் கத்தியால் துண்டாக வெட்டலாம். அவர் சொல்லச் சொல்ல எனக்கு வட்டிலப்பம் ஞாபகம் வந்தது. அதுவும் முட்டையும் பாலும் இறுகுவதுதானே. சூடு கூடினால் வட்டிலப்பம் துளைவிட்டுத் தண்ணீர் கக்கும். இதுவும் அப்படித்தான். அதனால் மிதமான சூடு, 350 பாகை பரனைற். எங்கள் கணக்கில் ஏறத்தாழ 175 பாகை சதமம்.

சீஸ் துருவத் தொடங்கினோம். ஆளுக்கொரு துருவி. கிட்டத்தட்ட நாலு கிலோ. அவர் தலை நிமிராமலே கேட்டார்.

"கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை?"

"விசா கிடைக்கவில்லை" என்றேன்.

அவர் துருவிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் மட்டுந்தான். என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லை, நான் விசாவுக்குப் போடவே இல்லை" என்றேன்.

"தெரியும். மகன் சொன்னவன்" என்றார். துருவிய சீஸைத் தட்டித் தன் பாத்திரத்தில் சேர்த்துவிட்டு, தன் தாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

"என் அம்மா ஒரு வெள்ளைக்கார வீட்டில் சமைத்தவள். கிழமையில் ஆறு நாள். பின்கதவால்தான் போகலாம். விருந்துக்கு வருகிறவர்கள் மக்கரோனி நன்றாயிருக்கிறது என்று வீட்டுக்கார அம்மாவுக்குத்தான் சொல்லுவார்கள். அவவும் நன்றி என்று சொல்லி வாங்கிக்கொள்ளுவா. ஏழாம் நாள்தான் அம்மா எங்களுக்குச் சமைப்பாள். அந்த மக்கரோனிக்கு அவள் சீஸைக் குறைத்ததே இல்லை."

அமெரிக்காவில் குடியியல் உரிமைச் சட்டம் 1964இல் வந்தபோது சம்பந்தியம்மாவுக்குப் பதினாறு வயது. அதற்கு முன் அவர் நகரத்துக் கடையில் துணி வாங்கலாம். அதே கடையின் சாப்பாட்டு மேசையில் இருக்கமுடியாது. இதைக் கேட்டு, "என்ன அநியாயம்!" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டுச் சிரட்டை என் கண்ணில் வந்து நின்றது.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் வீட்டுக்கு மா இடிக்க ஒரு அம்மா வருவார். என் அம்மாவை விட வயதில் மூத்தவர். அவர் இடித்த மாவில்தான் எங்கள் வீட்டுப் பிட்டும் இடியப்பமும். ஆனால் அவர் குசினிக்குள் வரக்கூடாது. நாங்கள் மூக்குப்பேணியில் தேத்தண்ணி குடிப்போம். அவருக்கென்று வேலியில் ஒரு சிரட்டை செருகியிருக்கும். நான் மேலேயிருந்து ஊற்றுவேன். நான் அவரை "நீ" என்பேன். அவர் எட்டு வயதுப் பிள்ளையான என்னைச் "சின்ன நாச்சியார்" என்பார். எங்கள் நாட்டில் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. சட்டம் வந்த பிறகும் எங்கள் வேலியில் சிரட்டை இருந்தது.

இதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சம்பந்தியம்மாவுக்குச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. சொல்லாமல் அந்தச் சீஸைத் தொடர்ந்து துருவ முடியவில்லை. அவர் துருவியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவவோடு இருந்து எப்போதாவது சாப்பிட்டிருக்கிறாயா?"

"இல்லை."

"இப்ப இருக்கிறாவா?"

"இல்லை. நான் தேடவும் இல்லை."

அவர் என்னைத் தேற்றவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அதற்கு நான் இன்றும் நன்றியுடையவள். அந்தப் பரவாயில்லையைச் சொல்லவேண்டியவர் அவர் அல்லவே. "பட்டரை எடு பேபி, மக்கரோனி ஆறுகிறது" என்று மட்டும் சொன்னார்.

பின் தட்டில் மக்கரோனி ஒரு படை, சீஸ் ஒரு படை என்று பரப்பினோம். முட்டையும் பாலும் அடித்ததை மேலே மெதுவாக ஊற்றினோம். கடைசிச் சீஸைத் தூவிப் பப்ரிக்காத் தூளையும் தூவினார். முப்பத்தைந்து நிமிடம். எடுத்தபின் தொடவிடவில்லை. கால்மணி நேரம் ஆறவிட்டால்தான் இறுகும் என்றார்.

அன்று பின்னேரம் மருமகன் எனக்கு இந்தச் சாப்பாட்டின் கதையைச் சொன்னார். அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சன்தான் மக்கரோனியை அந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர் என்று பலர் சொல்வதுண்டாம். சமைத்தவர் யார் என்று கேட்டால்தான் கதை மாறும் என்றார். ஜெபர்சன் 1784இல் பிரான்சுக்குப் போனபோது தன் அடிமையான ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்ற இளைஞரையும் கூட்டிப்போனார். ஹெமிங்ஸ் பாரிசில் பிரெஞ்சுச் சமையலை முறையாகக் கற்றார். 1789இல் இருவரும் திரும்பினார்கள். விடுதலை கேட்டபோது, இன்னொருவருக்கு அந்தச் சமையலைப் பழக்கிவிட்டால் விடுவேன் என்று எழுதிக் கொடுத்தார் ஜெபர்சன். ஹெமிங்ஸ் தன் தம்பி பீற்றருக்குப் பழக்கிக் கொடுத்து 1796இல் விடுதலை பெற்றார். தம்பி அடிமையாகவே அந்தக் குசினியில் நின்றார். 1801இல் ஹெமிங்ஸ் இறந்துபோனார். அடுத்த வருடம் ஜனாதிபதி மாளிகை விருந்தில் மக்கரோனி வைத்தார்கள். அதைச் சாப்பிட்ட ஒருவர், வெங்காயம்போல் இருந்தது, ருசியில்லை என்று எழுதி வைத்திருக்கிறாராம். 1824இல் மேரி ரண்டோல்ப் என்ற வேர்ஜீனியாச் சீமாட்டி அச்சிட்ட சமையல் புத்தகத்தில் மக்கரோனி, சீஸ், பட்டர் படைபடையாக வைத்து வேகவைக்கும் முறை இருக்கிறது. அந்தக் காலத்துச் சீமாட்டிகளின் குசினிகளில் அடுப்படியில் நின்றவர்கள் பெரும்பாலும் அடிமைப் பெண்கள். 1937இல் அது பெட்டியில் அடைத்துக் கடைக்கு வந்தது. ஆனால் தெற்கத்திக் கறுப்பின வீடுகளில் பெரிய நாட்களுக்கு இன்றும் போறணையில் வைப்பதுதான் மரியாதை.

"எங்கட ஆட்களின்ர கைக்குள்ளாலதான் இது இவ்வளவு தூரம் வந்தது, மாமி" என்றார் மருமகன், மகள் பழக்கிய யாழ்ப்பாணத் தமிழில். அவர் என்னை மாமி என்று கூப்பிட்டு நான் திரும்பிப் பார்த்து "ஓம் தம்பி" என்றது அன்றுதான் முதல்முறை.

மறுநாள் இருபத்தைந்து பேர். வான்கோழி, சோளரொட்டித் துருவலில் செய்த ஒரு பண்டம், வற்றாளங்கிழங்கு, பன்றி இறைச்சி போட்டு அவித்த கீரை. நான் பன்றி தொடுவதில்லை என்று மகள் சொல்லியிருந்தாள்போலும். சம்பந்தியம்மா தனக்குப் பக்கத்துக் கதிரையில் என்னை இருத்தி, என் பீங்கானில் முதலில் மக்கரோனியைத்தான் வெட்டி வைத்தார். மேசையின் அந்தக் கோடியிலிருந்து ஒரு வயோதிபர், "மக்கரோனி ஆர் செய்தது?" என்று கேட்டார். மேசை அமைதியானது. "என் குசினியில் செய்தது. சாப்பிடு" என்றார் சம்பந்தியம்மா. எல்லோரும் சிரித்தார்கள்.

சம்பந்தி, சமபந்தி. இரண்டும் இவ்வளவு கிட்டக் கிடக்கும் சொற்கள் என்று தமிழ் படிப்பித்த எனக்கு அந்த மேசையில் இருந்தபோதுதான் தோன்றியது.

2020 தை மாதம் நான் ஊர் திரும்பினேன். பிறகு கொரோனா வந்தது. 2021 ஆவணியில் சம்பந்தியம்மா காலமானார். நான் போகமுடியவில்லை. அந்த வருடம் நன்றி நவிலல் நாளுக்கு முதல்நாள், எங்களுக்கு இரவு, மகள் தொலைபேசி எடுத்தாள். "அம்மா, மாமி ஒன்றும் எழுதி வைக்கேல்லை. இவரின்ர தங்கச்சிமாருக்கும் அளவு தெரியேல்லை. உங்கட கொப்பியில இருக்குதோ?" என்றாள். அவளுக்குப் பின்னால் அந்தக் குடும்பம் முழுவதும் நின்றது கேட்டது.

கொப்பியை எடுத்தேன். சீஸ் எண்ணெய் பட்ட பக்கம். யாழ்ப்பாணத்துக் குசினி வாங்கில் இருந்துகொண்டு, ஜோர்ஜியாக் குசினிக்கு அவர்களின் தாயின் சமையலை ஒவ்வொன்றாகச் சொன்னேன். முட்டை எத்தனை, பால் எவ்வளவு, எத்தனை நிமிடம். மக்கரோனியை ஆறவிடுங்கோ என்று இரண்டுதரம் சொன்னேன்.

சகோதரிகளே, எங்கள் கொப்பிகளில் எத்தனையோ சமையல் குறிப்புகள் இருக்கின்றன. அதை நமக்குத் தந்த கையோடு ஒரு பந்தியில் இருந்திருக்கிறோமா என்று ஒருதரம் நினைத்துப் பாருங்கள். இருக்க இன்னும் காலம் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். எனக்கு ஒருவரோடு இருக்கக் கிடைத்தது. இன்னொருவரோடு கிடைக்கவில்லை.

எங்கள் வீடுகளுக்கு ஏற்றபடி ஆறு பேருக்கான அளவைக் கீழே தருகிறேன்.

தேவையான பொருட்கள்

வளைந்த சிறு மக்கரோனி – 225 கிராம்
செடார் சீஸ் (கட்டியாக வாங்கித் துருவியது) – 300 கிராம்
பட்டர் – 2 மேசைக்கரண்டி
முட்டை – 2
சீனி சேராத கட்டிப்பால் – முக்கால் கப்
சாதாரண பால் – அரைக் கப்
மிளகுத்தூள், உப்பு – அரைத் தேக்கரண்டி வீதம்
கடுகுத்தூள் – கால் தேக்கரண்டி
பப்ரிக்காத் தூள் – மேலே தூவ

(கட்டிப்பால் கிடைக்காவிட்டால் 6 மேசைக்கரண்டி முழுஆடைப் பால்மாவை முக்கால் கப் இளஞ்சூட்டு நீரில் கரைத்து ஆறவிடுங்கள். ரின்பால் சேர்க்கக்கூடாது, அது இனிப்பு. பப்ரிக்கா இல்லாவிட்டால் மிகச் சிறிதளவு மிளகாய்த்தூள்.)

செய்முறை

1. உப்பிட்ட கொதிநீரில் மக்கரோனியை, பக்கற்றில் உள்ள நேரத்துக்கு 2 நிமிடம் குறைவாக அவித்து வடிக்கவும். பட்டரைச் சேர்த்துப் பிரட்டி ஆறவிடவும்.

2. முட்டையை அடித்து, இரண்டு பாலையும், உப்பு, மிளகு, கடுகுத்தூளையும் சேர்த்துக் கலக்கவும்.

3. பட்டர் பூசிய 8 அங்குலச் சதுரத் தட்டில் மக்கரோனியில் பாதி, சீஸில் மூன்றில் ஒரு பங்கு, மீண்டும் மக்கரோனி, மீண்டும் சீஸில் ஒரு பங்கு எனப் பரப்பவும். முட்டைக் கலவையைச் சுற்றிவர ஊற்றவும். மிச்சச் சீஸையும் பப்ரிக்காவையும் மேலே தூவவும்.

4. முன்கூட்டியே 175 பாகை சதமத்துக்குச் சூடாக்கிய போறணையில் 30 முதல் 35 நிமிடம் வேகவிடவும். ஓரம் பொன்னிறமாகி, நடு இலேசாக மட்டும் அசையவேண்டும்.

5. போறணை இல்லாதவர்கள், முன்பு கேக் சுட்டதுபோல், கனமான சட்டிக்குள் தட்டை வைத்து மூடி, மேலும் கீழும் தணல் போட்டுச் செய்யலாம். கீழ்த்தணல் குறைவாக இருக்கட்டும்.

6. எடுத்தபின் 15 நிமிடம் தொடவேண்டாம். பிறகு வெட்டி எல்லோருமாக இருந்து சாப்பிடுங்கள்.